மறு பாதி யாருக்கு?

"எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல மிஸ். எழுதி வைக்க என்னா இருக்கு?"

லிந்துலையில் நொத்தாரிசாகத் தொழில் செய்யும் எனக்கு அதிகம் கேட்டுப் பழகிய பேச்சு இது. காணி வாங்கவும், கடனுக்கு ஈடு வைக்கவும், வெளிநாடு போகிறவர்களுக்கு அற்றோணித் தத்துவம் எழுதவும் வருகிறவர்களிடம் மரண சாசனத்தைப் பற்றி நானாகவே பேச்சை எடுப்பேன். பிள்ளை உள்ளவர்கள் "பாப்போம் மிஸ்" என்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் உடனே கையை விரித்துவிடுவார்கள். ஆனால் மரண சாசனம் இல்லாவிட்டாலும் பிள்ளை உள்ள வீட்டில் சொத்து பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயேதான் நிற்கும். பிள்ளை இல்லாத தம்பதியின் வீடுதான் எழுத்து இல்லாவிட்டால் இரண்டாகப் பிளக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை இருக்கிறது. கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் இருக்கிறது. மலையகத் தமிழராகிய எங்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. எங்கள் மரபுரிமையைத் தீர்மானிப்பது நாட்டின் பொதுச் சட்டம், அதிலும் குறிப்பாக 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். ஒருவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். மறு பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் அந்த மறு பாதி வீட்டில் நிற்காது. இறந்தவரின் தாய் தகப்பனிடம் போகும், உடன்பிறந்தவர்களிடம் போகும், உடன்பிறந்தவர்களும் இறந்திருந்தால் அவர்களின் பிள்ளைகளிடம் போகும்.

"அவரு போனா எல்லாம் எனக்குத்தானே?" என்று கேட்ட அம்மாமார் பலர். "இல்லம்மா, பாதிதான்" என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். முப்பது நாற்பது வருடம் சேர்ந்து கொழுந்து பறித்து, சீட்டுப் பிடித்து, மாடு வளர்த்துக் கட்டிய வீடு. உறுதி மட்டும் கணவர் பெயரில் இருக்கும். இந்த நாட்டின் பொதுச் சட்டப்படி கணவன் சொத்து கணவனுடையது, மனைவி சொத்து மனைவியுடையது. காசு யார் போட்டார்கள் என்பதை உறுதி சொல்லாது. அதனால் புதிதாகக் காணி வாங்க வரும் தம்பதியிடம் முதலில் நான் சொல்வது, இருவர் பெயரிலும் உறுதி எழுதுங்கள் என்பதுதான். அப்படி எழுதினால் ஒருவர் எழுதாமல் இறந்தாலும், மற்றவருக்குச் சொந்தப் பாதியோடு மறு பாதியில் பாதியும் சேர்ந்து நாலில் மூன்று பங்கு கிடைக்கும். முழு வீடு அப்போதும் கிடைக்காது. முழுவதும் கிடைக்க மரண சாசனம் வேண்டும்.

தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கையில் வந்த பணத்தில் டவுனுக்குப் பக்கத்தில் சின்னக் காணி வாங்கி வீடு கட்டினார். பிள்ளை இல்லை. மாரடைப்பில் போய்விட்டார். சில வருடம் தனியே இருந்த மனைவி, குளிரும் படியேற்றமும் தாங்காமல் வீட்டை விற்றுவிட்டுக் கண்டியில் தங்கையோடு இருக்கலாம் என்று வாங்க ஆள் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். உறுதியைப் பார்த்தேன், கணவர் பெயர் மட்டும். அவருடைய உடன்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். ஹட்டனில் ஒரு தங்கச்சி. மற்ற மூன்று பேரும் எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனவர்கள். ஒருவர் கோத்தகிரியில், ஒருவர் கூடலூரில். மூத்தவர் இறந்துவிட்டார், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர்கள் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனால் அவர் அடுப்பெரிக்கும் வீட்டில் அவர்களுக்குப் பங்கு இருந்தது.

இது மலையகத்துக்கே உரிய சிக்கல். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தம்பி இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். கடிதப் போக்குவரத்து முதல் தலைமுறையோடு நின்றுவிட்டது. பந்தம் நின்றாலும் வாரிசுரிமை நிற்பதில்லை. பிள்ளை இல்லாத ஒருவர் லிந்துலையில் எழுதாமல் இறந்தால், அவர் வீட்டின் பங்காளிகளைத் தேடி நாங்கள் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்குப் போட வேண்டும், பத்திரிகையில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அங்கே இருப்பவர்களின் பிறப்பு, இறப்புப் பத்திரங்களை வரவழைக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு நாத்தனார் மனமுவந்து பங்கை விட்டுக்கொடுத்தார். மற்றவர்களைக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

இதைவிடக் கவனமாக யோசிக்க வேண்டியது இரண்டாவது சாவு. முதலில் கணவர் இறந்து, அவர் எழுதி வைத்தபடி எல்லாம் மனைவிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மனைவி ஒன்றும் எழுதாமல் இறந்தால், முழுச் சொத்தும் அவருடைய உடன்பிறந்தவர்களுக்குப் போகும். கணவர் பக்கத்துக்கு ஒரு சதமும் இல்லை. மனைவி முந்திக்கொண்டால் அப்படியே தலைகீழ். யார் முதலில் கண்ணை மூடுகிறார் என்பதை வைத்து, ஒரு குடும்பம் எல்லாவற்றையும் பெறுகிறது, மற்றக் குடும்பம் வெறுங்கையோடு நிற்கிறது. கடைசிக் காலத்தில் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் யார், கஞ்சி வைத்துக் கொடுத்தவர் யார் என்பதைச் சட்டம் கேட்காது.

ஆகவே பிள்ளை இல்லாத தம்பதிக்கு நான் இரண்டு மரண சாசனங்கள் எழுதுவேன், ஆளுக்கு ஒன்று. முதல் வாசகம், என் சொத்தெல்லாம் என் துணைக்கு. இரண்டாவது வாசகம், என் துணை எனக்கு முன்பே இறந்துவிட்டால், அல்லது நான் இறந்து 30 நாளுக்குள் இறந்துவிட்டால், இன்னாருக்கு. இந்த 30 நாள் எதற்கு என்று கேட்பார்கள். மலைச் சரிவில் வாழ்கிறோம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் குடும்பம் குடும்பமாகப் புதைந்தன. வளைவுப் பாதையில் வான் உருளுவதும் இங்கே அடிக்கடி நடப்பது. இருவரும் ஒன்றாகப் போய்விட்டால் யார் முந்தி, யார் பிந்தி என்று இரண்டு குடும்பங்களும் நீதிமன்றத்தில் நிற்கக்கூடாது.

"ஒரே பத்திரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாமா? செலவு கொறையுமே" என்று கேட்பவர்கள் உண்டு. கணவனும் மனைவியும் கூட்டாக ஒரே மரண சாசனம் எழுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஒருவர் இறந்து, மற்றவர் அதன்படி பலனை ஏற்றுக்கொண்டபின் அதை மாற்ற முடியாமல் கை கட்டப்பட்டுவிடலாம். அறுபது வயதில் நம்பிய பெறாமகன் எண்பது வயதிலும் அப்படியே இருப்பான் என்று யாரால் சொல்ல முடியும்? தனித்தனியாக எழுதினால் உயிரோடு இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அந்தச் சுதந்திரத்தை இழக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை.

"இன்னாருக்கு" என்ற அந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்வதுதான் தம்பதிகளுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. சிலருக்குப் பெயர் தயாராக இருக்கும். தங்கச்சி மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்திருப்பார்கள், பாடசாலைப் பதிவேட்டில்கூடத் தாய் தகப்பன் என்று இவர்கள் பெயரே இருக்கும். "அவ எங்க புள்ளதானே மிஸ், தனியா எழுதணுமா?" கட்டாயம் எழுத வேண்டும். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் சுவீகாரக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை பெற்றுத் தத்தெடுத்த பிள்ளைக்குத்தான் பெற்ற பிள்ளையின் வாரிசுரிமை உண்டு. தூக்கி வளர்த்த பிள்ளைக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அப்படி வளர்ந்த ஒரு பெண், வளர்த்தவர்கள் இருவரும் போனபின், அவர்களைத் திரும்பிப் பாராத சொந்தங்களுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தங்களை அம்மா, அப்பா என்று கூப்பிட வைத்தவர்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அவள் அந்த வீட்டிலேயே இருந்திருப்பாள்.

மரண சாசனம் எதற்கு, இப்போதே நன்கொடை உறுதி எழுதி வீட்டைக் கொடுத்துவிடுகிறோம் என்று சில வயோதிபர்கள் பிடிவாதமாக நிற்பார்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பெறாமகன் உட்கார்ந்திருப்பான். அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். நன்கொடை உறுதி கையெழுத்தான அன்றே வீடு உங்களுடையது அல்ல. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இருவரும் சாகும்வரை வாழும் சீவிய உரித்தை அந்த உறுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மீளப்பெற முடியாத நன்கொடை என்று எழுதிவிட்டால், பின்னால் அவன் அடித்து விரட்டினாலும் நினைத்தபடி ரத்துச் செய்ய முடியாது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அவன் செய்தது பாரிய நன்றிகெட்ட செயல் என்று நிரூபிக்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் அந்த வழக்குக்குப் படியேற உடம்பில் வலு இருக்காது. மரண சாசனம் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. வயோதிபருக்கு அதுதான் காவல்.

எழுதுவதற்கு முன் பத்திரங்கள். பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பினால், ஒரே அம்மா பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், தோட்டத்துச் செக்ரோலில் ராமி, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரே தன் பெயர். தோட்டத்தில் ஒருவர் எழுதினார், கச்சேரியில் வேறு மொழி பேசும் ஒருவர் எழுதினார், ஒவ்வொருவரும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். எல்லாப் பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, மரண சாசனத்திலும் "என்றும் அழைக்கப்படும்" என்று எல்லாப் பெயரையும் போடுவேன். அடுத்தது கலியாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி, ஊர் முழுக்கச் சாப்பிட்டு, பதிவு மட்டும் செய்யாமல் ஆயுள் முழுக்க வாழ்ந்தவர்கள் தோட்டங்களில் நிறைய. பிள்ளையின் பிறப்புப் பதிவு ஒன்றாவது தாய் தகப்பனைச் சேர்த்துக் காட்டும். பிள்ளை இல்லாதவர்களுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. முதலில் பதிவாளரிடம் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள் என்பேன். இந்த வரிசை முக்கியம். சாசனம் எழுதியவர் பிறகு கலியாணம் செய்தால் அந்தச் சாசனம் ரத்தாகிவிடும் என்பது சட்டம். ஆகவே பதிவு முன்னே, சாசனம் பின்னே. மனைவி இறந்து மறுமணம் செய்கிறவர்களும் இதை மறக்கக்கூடாது.

சொத்து என்றால் காணி மட்டும் இல்லை. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு ஈ.பி.எப்., ஈ.டி.எப். பணம்தான் பெரிய சொத்து. வேலைக்குச் சேர்ந்தபோது பின்னுரித்தாளியாக அம்மா பெயரைக் கொடுத்திருப்பார்கள், அம்மா எப்போதோ போய்விட்டிருப்பார். அந்தப் படிவத்தைத் தேடிப் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கும் பின்னுரித்தாளியைப் பதியலாம். துணையின் பெயர் அங்கே இருந்தால் சாவு வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கத் தேவையில்லை.

லயக்காம்பராவை எழுதி வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு வேதனையோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காணி அரசுடையது, 1992க்குப் பிறகு தோட்டத்தை நடத்தும் கொம்பனி குத்தகைக்காரர், நாலு தலைமுறையாக வாழ்பவர் எந்த உரித்தும் இல்லாத குடியிருப்பாளர். காம்பரா வேலையோடு ஒட்டியது. வேலை செய்யும் பிள்ளை இருந்தால் ஓய்வு பெற்ற தாய் அதே காம்பராவில் இருப்பார். பிள்ளை இல்லாத விதவைக்கு அந்தத் துணையும் இல்லை. புதிய தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச், பிறகு 10 பேர்ச் என்று காணியோடு வீடு கிடைத்தவர்களில் சிலரிடம் உறுதி இருக்கிறது, பலரிடம் வீட்டை ஒப்படைத்த கடிதம்தான் இருக்கிறது. அவர்களுக்கு, "இந்த வீட்டில் எனக்கு இப்போது உள்ளதும் இனி வரக்கூடியதுமான உரிமை" என்று எழுதுகிறேன். உறுதி நாளைக்கு வந்தால் அந்த வரி உயிர் பெறும்.

கையெழுத்து நாள் ஒன்றைச் சொல்கிறேன். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசு முன் முடிக்கும் சாசனத்துக்கு அவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்க வேண்டும் என்கிறது. பலன் பெறும் யாரையும் நான் சாட்சியாக எடுப்பதில்லை. அன்று வந்த தம்பதியில் கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அம்மாவின் சாசனத்தை மெதுவாக வாசித்தேன். வீடு, பணம், தோடு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர், முடிவில் "தையல் மெசின் வரலியே" என்றார். யாருக்கு என்றேன். "பக்கத்துக் காம்பரா புள்ளைக்கு. எனக்குக் காய்ச்சல்னா அதுதான் தண்ணி தூக்கும்." அந்த வரியைச் சேர்த்து முழுவதையும் மறுபடி வாசித்தேன். பெருவிரல் அடையாளம் எடுக்க மையைத் தடவினேன். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல், கடதாசியில் கறுப்பு வட்டம்தான் விழுந்தது, ரேகை விழவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, மை குறைத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு உருட்டி எடுத்தபின் ரேகை தெளிந்தது. "இது என் பேர்லதானே இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வாழ்நாளில் தன் சொல்படி எழுதப்பட்ட முதல் பத்திரம் அதுதான்.

பிள்ளை இல்லாதவர்கள் காசைவிட அதிகம் கவலைப்படுவது கொள்ளியைப் பற்றி. யார் கொள்ளி வைப்பது, கருமாதியை யார் செய்வது? இதை மரண சாசனத்தில் எழுதலாம், ஆனால் அதை எடுத்து வாசிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். கொள்ளி வைக்க வேண்டியவரிடமும் மரண உதவிச் சங்கத் தலைவரிடமும் வாயால் சொல்லி வையுங்கள். மாரியம்மன் கோயிலுக்கு எழுத விரும்புகிறவர்களுக்கு இன்னொரு சொல். தோட்டக் கோயில் நிற்பதும் தோட்டக் காணியில்தான். வெறுமனே "கோயிலுக்கு" என்று எழுதினால் யார் கையில் கொடுப்பது என்ற சண்டை வரும். நோக்கத்தையும் பொறுப்பாளர்களின் பெயரையும் எழுதி, நம்பிக்கைப் பொறுப்பாக வைக்க வேண்டும். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று இப்படி எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று நான் நினைப்பதில்லை.

லிந்துலை, ஆக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கத்தில் பிள்ளை இல்லாமல் வாழும் தம்பதிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். இருவருக்கும் நடமாட்டமும் நினைவும் இருக்கும்போதே ஒரு நொத்தாரிசிடம் போங்கள். பத்திரப் பெட்டியை அப்படியே கொண்டு போங்கள். கலியாணப் பதிவைச் சரிபாருங்கள். ஆளுக்கொரு சாசனம் எழுதுங்கள். அதை நிறைவேற்ற உங்களைவிட இளையவராக, இந்த நாட்டிலேயே இருக்கும் ஒருவரை நியமியுங்கள், பத்திரம் எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். எழுதினால் ஆயுள் குறையும் என்று பயப்படுகிறவர்கள், எழுதி வைத்துவிட்டுப் பல வருடம் நன்றாக வாழ்கிறவர்களை என் மேசைக்கு வந்து பாருங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் உங்கள் வீட்டின் மறு பாதி எங்கே போகும் என்பது 1876இலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அதை மாற்றும் அதிகாரம் உங்கள் இருவரிடம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் உயிரோடு இருக்கும்வரைதான்.